நீல ஒளி பிறந்த கதை

நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் பூகோள ஆசிரியர் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் நருமதையையும் கோதாவரியையும் சுட்டிக் காட்டுவதற்கு அது பயன்படும். வேறொரு காரியத்துக்கும் பயன்படும் என்பதை என் வயதொத்த நேயர்கள் நன்கு அறிவார்கள். அந்தப் பிரம்பினால் உள்ளங்கை சிவந்ததுண்டே தவிர, யாருடைய கண்ணும் கெட்டதில்லை. இன்று பிரம்பின் இடத்தை ஒளி பிடித்துக்கொண்டுவிட்டது. பேனா அளவே உள்ள ஒரு குழாய். அதன் பொத்தானை அழுத்தினால் மண்டபத்தின் மறுகோடியில் ஒரு புள்ளி தோன்றுகிறது. அந்தப் புள்ளி முதலில் சிவப்பாக இருந்தது; பிறகு பச்சையாயிற்று; இப்போது நீலமாகவும் வருகிறது. இம்மூன்றனுள் கடைசியாகப் பிறந்த நீலத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டில், நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்த கடைசி வருஷத்தில், மாணவன் ஒருவன் மாலை வேளையில் என் அறைக்கு வந்தான். அறிவுள்ள பையன், எதையும் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டக்கூடியவன். புத்தகத்தை விரித்து வலக்கண்ணால் படித்தால் நான் பார்க்கும் எழுத்து மட்டும் தெரியவில்லை, சுற்றிலும் இருப்பவை தெரிகின்றன, ஐயா, என்றான். நேற்றுக் காலை வரை எல்லாம் சரியாக இருந்தது என்றும் சொன்னான். பிறகு, சற்றுத் தயங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் குழாயை எடுத்து என் மேசைமேல் வைத்தான். தபாலில் வரவழைத்த நீல லேசர் விளக்கு அது. அதன் கழுத்தில் ஒட்டியிருந்த சீட்டில், இதன் ஆற்றல் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று அச்சிட்டிருந்தது. அவனை உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அந்தக் குழாயை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று ஆற்றல்மானியின் முன் வைத்துப் பார்த்தேன். முள் காட்டிய கணக்கு 700 மில்லிவாட்டுக்கும் மேலே.

ஒரு கைக்குழாய்க்குள் இவ்வளவு நீல ஒளி எப்படி வந்து புகுந்தது என்பதே நம் கதை.

லேசர் என்பதன் விதை 1917-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருக்கிறது. கிளர்ச்சியுற்ற ஓர் அணுவின்மீது தகுந்த ஒளி வந்து பட்டால், அந்த அணு தன்னிடமுள்ள ஒளியையும் அதே திசையில், அதே தாளத்தில் வெளியிடும் என்று அவர் கணித வாயிலாகக் காட்டினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டத்தைப்போல் நாலா பக்கமும் கலைந்து செல்வது. லேசரின் ஒளியோ ஒரே அடிவைத்து நடக்கும் படை போன்றது. கருத்து பிறந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கருவி பிறந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் டவுன்ஸ் 1954-இல் நுண்ணலைகளைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் முதன்முதல் வெற்றி கண்டவர் தியோடர் மெய்மன். கலிபோர்னியாவில் மாலிபு என்னும் கடற்கரை ஊரில், 1960 மே 16-ஆம் நாள், விரற்கடை அளவுள்ள மாணிக்கக்கல் உருளை ஒன்றைச் சுருள்வடிவமான மின்வெட்டு விளக்கின் நடுவில் வைத்து அவர் ஒளிரச் செய்தார். அதன் கதிர் கருஞ்சிவப்பு. அந்தச் செய்தியை முதலில் அனுப்பிய பௌதிகச் சஞ்சிகை அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகை ஆகஸ்டில் வெளியிட்டது. திருப்பி அனுப்பியவர்கள் பின்னால் வருந்தியிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

மாணிக்கம், நீலம் என்று நவரத்தினங்களில் இரண்டாக நாம் எண்ணுபவை உண்மையில் ஒரே பொருள். அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கல். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஒன்றும் கலவாவிடில் கண்ணாடிபோல் நிறமற்றது. ஆங்கிலேயர் இக்கல் வகைக்கு வழங்கும் பெயர் நம் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது என்பதை அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன. சிவப்பு லேசர் குருந்தத்தில் பிறந்தது என்றேன். நீல லேசரும் குருந்தத்தின் மேல்தான் பிறந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

மெய்மனுக்குப் பின் லேசர்கள் காளான்போல் முளைத்தன. 1960 முடிவதற்குள் வாயு லேசர் வந்தது. 1964-இல் வில்லியம் பிரிட்ஜஸ் என்பவர் ஆர்கான் வாயுவிலிருந்து நீலமும் பச்சையுமான கதிரைப் பெற்றார். ஆகவே நீல லேசர் என்பது அன்றே உண்டு. ஆனால் அது மேசையை அடைத்துக்கொள்ளும் யந்திரம். கிலோவாட் கணக்கில் மின்சாரத்தைக் குடிக்கும். குளிரவைக்கத் தண்ணீர்க் குழாய் வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கு அது பெரும்பேறாக அமைந்தது. 1928-இல் கல்கத்தாவில் நம் இராமன் கண்ட ஒளிச்சிதறல் விளைவை, பாதரச விளக்கின் நீலக் கோட்டைக்கொண்டு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் காத்திருந்து படம் பிடித்து வந்தார்கள். ஆர்கான் லேசர் வந்ததும் அக்காத்திருத்தல் நிமிஷங்களாகக் குறுகியது. ஆனால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க யாராலும் முடியாது.

சட்டைப்பைக்கு வழி திறந்தது குறைகடத்தி. 1962-இல் அமெரிக்காவில் இராபர்ட் ஹால் குழுவினர், காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கடுகளவு படிகத்தில் மின்சாரம் செலுத்தி லேசர் கதிரை எழுப்பினார்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. திரவ நைட்ரஜனில் முழுக்கி வைத்தால்தான் வேலை செய்யும். 1970-இல், ருஷியாவில் அல்பெரோவும் அமெரிக்காவில் ஹயாஷி, பானிஷ் ஆகிய இருவரும், சாதாரண வெப்பத்தில் இடைவிடாது எரியும்படி அதைத் திருத்தினார்கள். பிறகு நிறம் மெல்ல மெல்லச் சிவப்புக்கு ஏறியது. கடைக்காரர் கையிலும் சொற்பொழிவாளர் கையிலும் சிவப்புப் புள்ளி ஆடத் தொடங்கியது 1990-களில். ஆனால் சிவப்பிலிருந்து நீலத்துக்கு ஏறும் படி மட்டும் யாருக்கும் அகப்படவில்லை.

இதற்கு இயற்கையே காரணம். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஒவ்வொரு துகளும் சுமக்கும் ஆற்றல் மிகும். சிவப்பை ஈனும் படிகத்தில் எலக்ட்ரான் ஏறத்தாழ இரண்டு எலக்ட்ரான்வோல்ட் ஆழத்துக்குக் குதித்தால் போதும். நீலத்துக்கு ஏறத்தாழ மூன்று வேண்டும். அத்தனை ஆழமான படி உள்ள பொருள்களில் ஒன்று காலியம் நைட்ரைடு. ஆனால் அது முரட்டுப் பொருள். உருக்கி வார்க்க முடியாது. தனக்குரிய படிகத் தளமும் கிடையாது. ஆகையால் நான் முன்னே சொன்ன நிறமற்ற குருந்தத்தகட்டின் மேல் அதைப் பாசிபோல் படரவிட வேண்டியிருந்தது. இரண்டின் அணு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. செங்கல் அளவு வேறுபட்ட இரண்டு கொத்தனார்கள் ஒரே சுவரை எழுப்பினால் எப்படி விரிசல் காணுமோ அப்படி விரிசல் கண்டது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் முயன்றவர்கள் மங்கலான வெளிச்சத்தைக் கண்டதோடு கைவிட்டார்கள். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் துத்தநாக செலினைடு என்னும் வேறொரு பொருளின் பக்கம் சாய்ந்தன. 1991-இல் அதிலிருந்து நீலப்பச்சை லேசரும் வந்தது. ஆனால் அதற்கு ஆயுள் இல்லை.

நைட்ரைடை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தவர் ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இஸாமு அகஸாகி. அவரிடம் மாணவராய்ச் சேர்ந்தவர் ஹிரோஷி அமானோ. 1986-இல் இவர்கள் வெளியிட்ட உபாயம் எளிமையானது: குருந்தத்தின் மேல் நேரே நைட்ரைடைப் படரவிடாமல், குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய மெத்தைபோல் முதலில் பரப்பி, அதன்மேல் வளர்த்தார்கள். அன்று உலை பழுதுபட்டு வேண்டிய வெப்பத்தைத் தராததனால்தான் அப்படிச் செய்து பார்க்கும் எண்ணம் வந்தது என்று அமானோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலை பழுதானதும் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணாடிபோல் தெளிந்த படிகம் கிடைத்தது. 1989-இல் இரண்டாவது கதவையும் திறந்தார்கள். மக்னீசியம் கலந்த நைட்ரைடின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அது நேர்வகைக் குறைகடத்தியாக மாறுகிறது என்று கண்டார்கள். எதிர்வகையும் நேர்வகையும் சந்திக்கும் இடத்தில்தான் ஒளி பிறக்கும். நேர்வகையே கிடைக்காது என்று பலரும் முடிவுகட்டியிருந்த காலம் அது.

மூன்றாமவர் ஷூஜி நகமுரா. ஜப்பானின் ஷிகோகுத் தீவில் ஒரு மீனவ ஊரில் 1954-இல் பிறந்தவர். அதே தீவின் தொகுஷிமாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1979-இல், குழல்விளக்குக்கு உட்பூச்சுப் பொடி செய்து விற்கும் நிச்சியா என்னும் அவ்வளவாகப் பெயர் தெரியாத கம்பெனியில் சேர்ந்தார். பத்தாண்டுகள் அவர் செய்தது பெரும்பாலும் குவார்ட்ஸ் குழாய்களை ஊதிப் பற்றவைத்துப் படிகம் வளர்க்கும் வேலை. குழாய்கள் அவ்வப்போது வெடிக்கும். அந்தச் சலிப்பில்தான், நீல ஒளியை ஆராய்கிறேன், அனுமதி தாருங்கள் என்று கம்பெனியை நிறுவிய முதியவரான நொபுவோ ஒகாவாவிடம் நேரே போய்க் கேட்டார். அவர் இசைந்தார், பெருந்தொகையும் தந்தார், 1988-இல் ஓராண்டு அமெரிக்காவின் பிளாரிடாவுக்கும் அனுப்பினார். திரும்பி வந்த நகமுரா எல்லோரும் செல்லும் துத்தநாகப் பாதையை விட்டு, ஆளரவமற்ற நைட்ரைடுப் பாதையில் இறங்கினார். அந்தப் பாதையில் போட்டியில்லை என்பதே தமக்குத் தோன்றிய முதல் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். துணிச்சல் என்று நாம் புகழ்வதில் பாதி இப்படிப்பட்ட கணக்குத்தான் போலும்.

அவர் விலைக்கு வாங்கிய உலையைத் தம் கையாலேயே வெட்டி மாற்றினார். வாயுக்கள் பக்கவாட்டில் ஓட, மற்றொரு வாயு மேலிருந்து அவற்றைத் தகட்டோடு அழுத்தும்படி 1990-இல் இரட்டை ஓட்டத்தை அமைத்தார். எலக்ட்ரான் கற்றை எதற்காக வேண்டியிருந்தது என்பதையும் 1992-இல் விளக்கினார். படிகம் வளரும்போது அம்மோனியாவிலிருந்து வரும் ஹைட்ரஜன், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. நைட்ரஜன் வாயுவில் வைத்து ஏறத்தாழ 700 டிகிரிக்குச் சூடேற்றினால் ஹைட்ரஜன் விலகிவிடும். அவ்வளவுதான். 1993 நவம்பரில் பளீரென்று எரியும் நீல விளக்கு வெளிவந்தது. 1996 ஜனவரியில் அந்தப் படிகத்திலிருந்தே விட்டு விட்டு வரும் ஊதாநீல லேசர் பற்றிய கட்டுரை, அதே ஆண்டில் இடைவிடாது எரியும் லேசர், 1999-இல் கடைச்சரக்கு. ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பிழைகள் உள்ள படிகம் ஏன் இப்படிப் பிரகாசிக்கிறது என்று விஞ்ஞானிகள் வெகுநாள் திகைத்தார்கள்.

கண்டுபிடித்தவருக்குக் கம்பெனி அப்போது கொடுத்த வெகுமதி 20,000 யென். வழக்கு நடந்தது. 2004-இல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தரவேண்டும் என்றது. மேல்முறையீட்டில் 2005-இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசமாயிற்று. 2014-இல் அகஸாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அகஸாகி 2021-இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.

படிகம் கடைக்கு வந்த பிறகு கதை வேறு திசையில் திரும்பியது. 405 நானோமீட்டர் ஊதாநீல லேசர், திரைப்படத் தகடுகளைப் படிக்கும் கருவிகளில் 2000-களில் குடியேறியது. அதன்பின் 445 நானோமீட்டர் நீல லேசர், சுவரில் படம் காட்டும் கருவிகளுக்கு விளக்காயிற்று. ஒரு கருவிக்குள் இருபதுக்கு மேற்பட்ட லேசர்கள். ஒவ்வொன்றும் ஒரு வாட்டை நெருங்கும். 2010-இல் மேல்நாட்டில் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தனி லேசரை விலைக்கு வாங்குவதைவிட, முழுக்கருவியை வாங்கி உடைத்து உள்ளிருப்பவற்றைப் பிரித்தெடுப்பது மலிவு. உடைத்தார்கள்; குழாய்களில் பொருத்தினார்கள்; விற்றார்கள். ஆய்வுக்கூடத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்திருந்த ஆற்றல் இவ்வாறு ஓராண்டுக்குள் சிறுவர் கைக்கு வந்து சேர்ந்தது.

கைக்கு வந்ததன் மற்றொரு பாதி மின்கலத்தின் கதை. நீலப் படிகத்தில் மின்சாரம் பாய நான்கு முதல் ஐந்து வோல்ட் வரை அழுத்தம் வேண்டும். ஒரு வாட் ஒளிக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் ஓட்டமும் வேண்டும். கைவிளக்குக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பழைய கலங்கள் இந்த ஓட்டத்தைத் தாங்கா. 1991-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனிக் கலம் தாங்கியது. அதற்கு வழிவகுத்த விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ மூவரும் 2019-இல் இரசாயன நோபல் பெற்றார்கள். ஆக, என் மாணவன் சட்டைப்பையில் இரண்டு நோபல் பரிசுகள் ஒரே குழாயில் கிடந்தன!

இந்தக் கலம் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட், வடியும்போது மூன்றுக்கு அருகில் இறங்கும். லேசர் படிகமோ இப்படி ஏறி இறங்கும் அழுத்தத்தைப் பொறுக்காது. குறிப்பிட்ட ஓட்டத்துக்குக் கீழே அது வெறும் விளக்கு. அதைத் தாண்டினால் லேசர். இன்னும் சற்று மிஞ்சினால், கண்ணாடிபோன்ற அதன் முகப்பு கண்ணிமைப்பதற்கு எத்தனையோ பங்கு குறைந்த நேரத்தில் கருகிவிடும். ஆகவே கலத்தையும் படிகத்தையும் கம்பியால் நேரே இணைப்பது கூடாது. இடையில் ஓட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் சிறு மின்சுற்று வேண்டும். அழுத்தம் போதாதபோது அதை உயர்த்துவதும் அந்தச் சுற்றின் வேலை. படிகத்துக்குள் நான்கு வாட் செலுத்தினால் வெளிவரும் ஒளி ஒரு வாட் அளவே. மிகுதி முழுவதும் வெப்பம். அதனால்தான் நல்ல குழாயில் படிகத்தைச் செம்புக்கட்டியில் பதித்து அலுமினியக் கூட்டுக்குள் இறுக்குகிறார்கள். அப்படியும், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ எரித்தபின் ஆறவிட வேண்டும். மலிவுக் குழாயில் இந்தச் சுற்றும் இராது, செம்பும் இராது. கலத்தின் குணமும் முரடே. இரண்டு முனைகளும் சாவிக்கொத்தில் பட்டால் தீப்பற்றும்; உறை கிழிந்ததையும் உப்பியதையும் மின்னேற்றக் கூடாது; அதற்கென்று அமைந்த மின்னேற்றியை அன்றி வேறொன்றில் செருகக் கூடாது; மின்னேறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாயைப் பயன்படுத்தாத வேளையில் கலத்தை வெளியே எடுத்து வைத்தால் போதும், பாதி அபாயம் நீங்கும். பையில் இருக்கும்போது பொத்தான் தானாக அழுந்தித் துணியைப் பொசுக்கும் அளவுக்கு ஆற்றலுள்ள கருவி இது.

இனிக் கண்ணுக்கு வருகிறேன். இருட்டில் நம் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அதன் வழியே நுழையும் லேசர் கற்றையைக் கண்ணின் வில்லை, விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியாகக் குவிக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒளியின் செறிவு ஒரு லட்சம் மடங்கு மிகுகிறது. நண்பகல் சூரியனை நேரே நோக்கினால், சுருங்கிய கண்மணி வழியே உள்ளே செல்வது ஏறத்தாழ மூன்று மில்லிவாட். அதுவும் இதைக் காட்டிலும் அகன்ற உருவாகத்தான் விழித்திரையில் விழும். சூரியனையே நெடுநேரம் பார்க்கக் கூடாது என்று பாட்டிமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவேதான் சர்வதேச விதிகளின்படி, ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்டதை இரண்டாம் வகுப்பு என்கிறார்கள். கண் கூசி இமை மூடுவதற்கு ஆகும் கால் வினாடிக்குள் அது கெடுதி செய்யாது. ஐந்து மில்லிவாட் வரை இன்னொரு வகுப்பு. ஐந்நூறு வரை அதற்கு மேலுள்ள வகுப்பு. ஐந்நூறைத் தாண்டினால் நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்புக்கு இமை ஒரு காவலாகாது. இமை அசையும் முன்னரே காரியம் முடிந்துவிடும்.

நீலத்துக்கென்று தனியாக இரண்டு வஞ்சகங்கள் உண்டு. நம் கண் மிகத் தீவிரமாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை. 445 நானோமீட்டர் நீலத்தை அதில் நூற்றுக்கு மூன்று பங்களவுதான் உணரும். அதாவது பச்சை லேசரும் நீல லேசரும் ஒரே வெளிச்சமாகத் தோன்றினால், நீலத்தின் ஆற்றல் முப்பது மடங்கு வரை மிகுந்திருக்கும். மங்கல்தானே என்று எண்ணுவோம். இமையும் அப்படியே எண்ணி ஏமாறும். மற்றது இரசாயனக் கெடுதி. குறுகிய அலையுள்ள ஒளி விழித்திரையைச் சூட்டினால் மட்டுமன்றி, சூடேற்றாமலே இரசாயன மாறுதலாலும் சிதைக்கிறது என்பதை ஹாம் என்பவரும் அவர் தோழர்களும் 1976-இல் குரங்குகளின் கண்களில் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

என் மாணவன் கற்றையை நேரே பார்த்தானா? இல்லை. விடுதி அறையில் சுவரை நோக்கித்தான் ஏவியிருக்கிறான். கை சற்றே விலகியபோது, சன்னலோரம் வைத்திருந்த சாப்பாட்டு அடுக்கின் எவர்சில்வர் மூடியில் கதிர் பட்டுத் திரும்பியிருக்கிறது. பளபளக்கும் உலோகம் பாதிக்கு மேற்பட்ட ஒளியைத் திருப்பக்கூடியது. உலோகம் வேண்டாம், சன்னல் கண்ணாடி என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முகம் நூற்றில் நான்கு பங்கைத் திருப்பும். 700 மில்லிவாட்டில் நான்கு பங்கு 28 மில்லிவாட்; சீட்டில் அச்சிட்ட ஐந்துக்கு ஐந்தரை மடங்கு. கைக்கடிகாரம், புகைப்படச் சட்டம், வளையல், ஈரத்தரை எல்லாமே கண்ணாடிகள்தாம்.

சீட்டையும் நம்புவதற்கில்லை. 2013-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தர அளவை ஆய்வுக்கூடம் 122 லேசர் சுட்டிகளைச் சோதித்தது. பச்சை நிறத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறும், சிவப்பில் நாற்பத்து நான்கும் சட்டம் விதித்த அளவுக்கு உட்படவில்லை. ஆகையால் சபையில் பாடம் நடத்துவோருக்கு நான் கூறுவது: ஒரு மில்லிவாட் சிவப்போ பச்சையோ தாராளமாகப் போதும். நீலம் வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்காக வலிய நீல லேசரைக் கையாள நேர்ந்தால், அந்த அலைநீளத்துக்கென்று எண் பொறித்த காப்புக் கண்ணாடியை, அறையில் உள்ள அனைவரும், விளக்கைத் தொடுவதற்கு முன்னரே அணிய வேண்டும். ஆரஞ்சு நிறத்ததான அக்கண்ணாடியில் ஒளித்தடை எண் ஐந்து என்றிருந்தால், லட்சத்தில் ஒரு பங்கே உள்ளே வரும் என்று பொருள். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. கண்மணியை விரியச் செய்து கெடுதலே செய்யும். கதிர் நின்று அடங்க, பளபளப்பில்லாத கருநிறத் தடுப்பு ஒன்றை எதிரே வைக்க வேண்டும்; கதிர் ஒருபோதும் நின்றவர் கண்மட்டத்திலோ அமர்ந்தவர் கண்மட்டத்திலோ செல்லலாகாது.

வானமும் காலி இடமன்று. கதிர் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. அது விமானத்தின் முன்கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுதும் ஒளிப் படலமாகி, தரையிறங்கும் வேளையில் ஓட்டுபவருக்கு ஓடுபாதையே மறைந்துவிடும். அமெரிக்காவில் 2012 முதல் இது மத்தியச் சட்டப்படி குற்றம். இருந்தும் 2023-இல் மட்டும் 13,304 புகார்கள் பதிவாயின. நம் சென்னையிலும் 2025-இல், இறங்க வந்த விமானங்கள்மீது தரையிலிருந்து லேசர் பாய்ச்சிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்தோம். போர்க்களத்திலேகூட, மனிதனை நிரந்தரக் குருடாக்குவதற்கென்று அமைத்த லேசர் ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று 1995 அக்டோபரில் வியன்னாவில் நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. 1998-இல் அது அமலுக்கு வந்தது. எதிரியின் கண்ணுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் கண்ணுக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

அந்தக் குழாய் இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கலத்தைத் தனியே எடுத்து, அதன் முனையில் ஒட்டுநாடா சுற்றி வேறோர் இடத்தில் வைத்திருக்கிறேன். மருத்துவர் பார்த்தபோது விழித்திரையின் நடுப்புள்ளியில் ஒரு சிறு வடு இருந்தது. ஆண்டுகள் ஆகியும் அது மறையவில்லை. அவன் இடக்கண்ணால் படித்துப் பட்டமும் பெற்று, இப்போது ஓரிடத்தில் கணக்கு வேலை பார்க்கிறான். இந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லி, உன்னைப் பற்றியும் கூறலாமா அப்பா, என்று கேட்டேன். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா, என்றான். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லுங்கள் என்றான். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது என்பது அவனுக்கு அன்று தெரியாது. அன்று ஒரு சொட்டு வலியும் இருக்கவில்லை. நீலமாக ஒரு மின்னல் அடித்தது, அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு, அந்த எவர்சில்வர் அடுக்கைத் திறந்து, உட்கார்ந்து சாப்பிட்டானாம்.